லெகோ கல்லில் ஒரு ‘உ’

கடைப் பலகை எழுதுகிறவர்கள் எந்த வேலையையும் தொடங்குமுன் பலகையின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போடுவோம். சாத்தூரில் 22 வருடம் பலகை எழுதினேன், எத்தனை ஆயிரம் ‘உ’ போட்டிருப்பேனோ தெரியாது. பிளெக்ஸ் வந்து பிரஷ்ஷுக்கு வேலை குறைந்த பிறகு, பேத்தியின் லெகோ பெட்டிதான், ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கற்கள்தான், எனக்கு வண்ணம் தருகிறது. அதில் நான் உருப்படியாகச் செய்து முடித்த முதல் எழுத்தும் ‘உ’தான். வளைவும் நேர்க்கோடும் சுழியும் ஒரே எழுத்தில் இருப்பதால், பழக இதைவிட நல்ல எழுத்து இல்லை. ‘ட’, ‘ப’ எல்லாம் கட்டத்துக்குள் தானாக உட்கார்ந்துவிடும், அவற்றில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

லெகோவில் படம் செய்ய இரண்டு வழி உண்டு. கல்லின் மேல் துருத்தி நிற்கும் வட்டக் குமிழ் நம்மைப் பார்க்கும்படி பலகை மேல் பதிப்பது ஒன்று. சீன ஓவியர் ஐ வெய்வெய் 2023-இல் லண்டன் டிசைன் மியூசியத்தில் வைத்த அல்லிக்குள ஓவியம் அந்த வகை. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியத்தை 15 மீட்டருக்கு மேல் நீளத்தில், 22 நிறத்தில், சுமார் 6,50,000 துண்டுகளால் செய்தார். அவ்வளவு பெரிதாக இருந்தால் எட்ட நின்று பார்க்கும்போது கட்டம் கரைந்துவிடும். ஒரு சாண் அளவு எழுத்தில் கரையாது, ஒவ்வொரு சதுரமும் பல்லைக் காட்டும். அதனால் நமக்கு இரண்டாவது வழி: பிளேட் எனப்படும் மெல்லிய தட்டைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரின் பக்கத்தில் எழுத்தைக் காட்டுவது.

இதற்கு மூன்று அளவுகள் மனதில் நிற்க வேண்டும். ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மி.மீ. கல்லின் உயரம் 9.6 மி.மீ. பிளேட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. அப்படியானால் ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். ‘ஐந்து பிளேட், இரண்டு குமிழ்’ என்ற இந்த ஒரு கணக்கில்தான் எழுத்து முழுவதும் நிற்கிறது.

பலகையின் அளவை 24 குமிழ் அகலம், 60 பிளேட் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 192 மி.மீ., நல்ல சதுரம். ஏ4 தாளில் அதே அளவில் வரைந்துவிடலாம். குறுக்கே 8 மி.மீ.க்கு ஒன்றாகவும் மேலே 3.2 மி.மீ.க்கு ஒன்றாகவும் கோடு போடுங்கள். நாலு பக்கமும் இரண்டு குமிழ், அதாவது ஐந்து பிளேட் ஓரம் விடுங்கள். எழுத்தின் கனமும் அதுவே: நிற்கும் இடத்தில் இரண்டு குமிழ், படுக்கும் இடத்தில் ஐந்து பிளேட். பிறகு கட்டத்தை மறந்துவிட்டு, பென்சிலால் மனம்போல் ஒரு ‘உ’ எழுதுங்கள். முதலில் நல்ல எழுத்து, அதன் பிறகுதான் கட்டம். கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்தால் எழுத்து செத்துப்போகும், இது சுண்ணாம்பு நூல் அடித்துப் பலகை எழுதிய காலத்திலேயே நான் கண்டது.

இப்போது வளைவு. ‘உ’வின் தலை ஏறக்குறைய ஒரு வட்டத்தின் மேல்பாதி. அதன் வெளி ஆரத்தை 8 குமிழ் என்று வையுங்கள், உயரத்தில் அது 20 பிளேட். உச்சியிலிருந்து வலப்பக்கம் ஒவ்வொரு குமிழாக நகரும்போது, உச்சியைவிட எத்தனை பிளேட் கீழே இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது: 0, 0, 1, 2, 3, 5, 8, 13. முதல் தடவை போட்டுப் பார்த்தபோது இந்த வரிசையின் அழகில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் ஐந்து குமிழ் வரைக்கும் இறக்கம் ஒவ்வொரு பிளேட்டாகத்தான் இருக்கிறது. கண்ணுக்கு வழுவழுப்பான வளைவாகவே தெரியும்.

கடைசியில்தான் சிக்கல். 5-இலிருந்து 8, 8-இலிருந்து 13, அங்கிருந்து 20. வளைவு செங்குத்தாகும் இடத்தில் ஒவ்வொரு படியும் 8 மி.மீ. உள்ளே வெட்டிக்கொண்டு போகிறது. அரிவாளில் கொத்தின மாதிரி இருக்கும்.

பட்டைப் பிரஷ் பிடித்தவர்களுக்கு இதற்கு விடை விரலிலேயே இருக்கிறது. வளைவில் பிரஷ்ஷை ஒரே வாக்கில் பிடித்து இழுக்க மாட்டோம், திரும்பும் இடத்தில் விரலுக்குள் பிரஷ்ஷை உருட்டுவோம். இங்கே பிளேட்டைத் திருப்ப வேண்டும். வளைவு படுக்கும் இடத்தில் பிளேட்டும் படுக்கட்டும், வளைவு நிமிரும் இடத்தில் பிளேட்டும் நிமிரட்டும். 45 பாகைதான் எல்லை.

அதற்குச் சுவரில் ஒரு சன்னல் விடுகிறோம். வட்டத்தின் மையக்கோட்டுக்கு மேலே 10 பிளேட் உயரம், வலது விளிம்பிலிருந்து உள்ளே 4 குமிழ் அகலம். இரண்டும் 32 மி.மீ., ஆகவே சன்னல் சதுரம். அதே அளவில் பத்து பிளேட்டுகளைத் தனியாக ஒரு கட்டாக அடுக்கி, அதைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சன்னலுக்குள் மாட்டினால் கச்சிதமாக உட்காரும். கட்டில் நிறங்களை எப்படி வைப்பது? கணக்கு அதே கணக்குதான். கீழிருந்து மேலே நாலு குமிழுக்கு, வலது விளிம்பிலிருந்து உள்ளே தள்ள வேண்டியது 0, 0, 1, 2 பிளேட். மையக்கோட்டுக்குக் கீழே இதையே தலைகீழாக்கி இன்னொரு கட்டு.

கட்டை எதில் மாட்டுவது? பக்கத்தில் ஒரு குமிழ் உள்ள ஒற்றைக் கல் கிடைக்கும். அதைச் சன்னலின் இடது ஓரத்தில், குமிழ் வலப்பக்கம் பார்க்க, இந்த வரிசையில் வையுங்கள்: கீழே இரண்டு பிளேட், ஒரு பக்கக்குமிழ்க் கல், மறுபடி இரண்டு பிளேட், இன்னொரு பக்கக்குமிழ்க் கல். கூட்டினால் 10 பிளேட் உயரம். இரண்டு பக்கக் குமிழுக்கும் இடையே 16 மி.மீ. வரும், கட்டின் அடியிலுள்ள துளைகள் அவற்றில் அப்படியே பொருந்தும். நடுவே இரண்டு பிளேட் வைக்காமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கினால் இடைவெளி 9.6 மி.மீ. ஆகிவிடும், கட்டு ஏறவே ஏறாது. பலத்தைக் காட்டி அழுத்தாதீர்கள்.

இன்னொன்று: கட்டின் பத்தாவது அடுக்கு குமிழ் இல்லாத டைலாக இருக்க வேண்டும். பிளேட் வைத்தால் அதன் குமிழ் வலப்பக்கச் சுவரை இடிக்கும். டைலும் 3.2 மி.மீ.தான், ஆகவே கணக்கு மாறாது.

சுவரின் உறுதி பற்றி நிறையச் சொல்ல வேண்டும், நான் பட்டது அதில்தான். முதல் ‘உ’வில், 24 குமிழுக்கு எட்டுக் குமிழ் பிளேட் மூன்று சரியாக வருகிறதே என்று, வெறும் மஞ்சள் வருகிற இடமெல்லாம் எட்டு, எட்டு, எட்டு என்றே வைத்துக்கொண்டு போனேன். மூட்டின்மேல் மூட்டு. முடித்து ஒரு கையால் தூக்கினேன். கையோடு வந்தது ஒரு தூண், மற்ற இரண்டும் தரையில் சிதறின. நாலு நாள் வேலை. எதிர்வீட்டுக் கொத்தனார் பார்த்துவிட்டு, “என்னண்ணே, மூட்டுத் தப்பி வைக்கணும்னு தெரியாதா?” என்றார். அவர் சொன்னது செங்கலுக்கு மட்டுமல்ல. ஓர் அடுக்கு 8, 8, 8 என்றால் அடுத்தது 4, 8, 8, 4. அதற்கடுத்தது 6, 8, 4, 6. எந்த மூட்டுக்கும் நேர் மேலே மூட்டு வரக்கூடாது.

ஆனால் எழுத்தின் விளிம்பில் நிறம் மாறும் இடத்தில் மூட்டு வந்தே தீரும். அதனால் சுவரை இரண்டு குமிழ் கனத்தில் எழுப்புங்கள். முன்வரிசை எழுத்துக்கு, பின்வரிசை பலத்துக்கு. பின்வரிசையில் நிறத்தைப் பார்க்க வேண்டாம், கையில் இருக்கும் நீளமான பிளேட்டுகளை மூட்டுத் தப்பி ஓட்டுங்கள். நாலைந்து அடுக்குக்கு ஒருமுறை இரண்டு வரிசையையும் குறுக்கே கட்டும்படி இரண்டு குமிழ் அகலப் பிளேட்டுகள் வர வேண்டும். பின்னால் இரண்டு இடத்தில் உதைகால் கொடுத்தால் பலகை தானாகவே நிற்கும்.

பசை வேண்டாம். டென்மார்க்கின் பில்லுண்டில் லெகோ கம்பெனியின் காட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது கல்லின் மேலுள்ள குமிழுக்காக அல்ல, உள்ளே இருக்கும் குழாய்க்காகத்தான். அதற்கு முந்தைய கற்கள் அடியில் வெறும் கூடு, அடுக்கலாம், பிடிப்பு இருக்காது. குழாய் வந்த பிறகு ஒவ்வொரு குமிழையும் குழாயும் சுவரும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. அறுபது அடுக்கு பசையில்லாமல் நிற்பது அந்தப் பிடிப்பில். 1958-இன் கல் இன்றைய கல்லோடும் சேரும்.

அதனால்தான் வெவ்வேறு கம்பெனிக் கற்களை ஒரே சுவரில் கலக்காதீர்கள் என்கிறேன். ஒரு பிளேட்டில் 0.05 மி.மீ. கூடினால் கையில் தெரியாது, அறுபது அடுக்கில் அது 3 மி.மீ. ஏறக்குறைய ஒரு பிளேட். சன்னலில் கட்டு உட்காராது.

நிறம் அவரவர் விருப்பம். நான் மஞ்சள் பின்னணியில் சிவப்பு வைத்தேன், மஞ்சளில் குங்குமம் மாதிரி. வெள்ளைப் பின்னணியும் எடுப்பாக இருக்கும், ஆனால் வெயில் படும் இடத்தில் வெள்ளைக் கல் நாளாவட்டத்தில் பழுப்பேறிவிடும்.

சுழியைக் கடைசியாகப் பேசுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் கெடுவது அதுதான். ‘உ’ தொடங்கும் அந்தச் சின்னச் சுழியின் நடுவே பின்னணி நிறம் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். குறைந்தது இரண்டு குமிழ் அகலம், ஐந்து பிளேட் உயரம். ஒரு குமிழ் போதும் என்று விட்டால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது அடைத்துப்போய்ச் சிவப்புப் பொட்டாகிவிடும். இடம் போதவில்லையென்றால் சுழியை மட்டும் எழுத்தின் கனத்தில் பாதியாக்குங்கள், ஒரு குமிழ், இரண்டு அல்லது மூன்று பிளேட். பிரஷ்ஷில் எழுதும்போதும் சுழியில் நுனியால்தான் தொடங்குவோம். ஒவ்வொரு பத்து அடுக்குக்கும் எழுந்து போய்த் தெருவாசலில் நின்று திரும்பிப் பாருங்கள். கிட்ட உட்கார்ந்து பார்க்கும் கண் பொய் சொல்லும்.

அறுபதாவது அடுக்கை முழுக்க டைலால் மூடுங்கள், தூசி குமிழ்களுக்கிடையே தங்காது. அழுக்கானால் 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீரில் சோப்பு கலந்து கழுவலாம். தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். என்னுடையது வாசல் நிலைக்கு உள்பக்கம், பழைய பிரஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது; இப்போது அதற்குக் கீழே வைக்க ‘ழ’வுக்குத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.