பூந்தொட்டிக் களையே சாலட் கீரை

இங்கிலாந்தில் பூந்தொட்டி ஓரங்களில் தானாக முளைக்கும் ஹேரி பிட்டர்கிரெஸ் செடியைக் களையென்று பிடுங்கி எறியாதீர்கள். பூக்கும் முன்பே தரையோடு நறுக்கி, கழுவி, அப்படியே சாலட்டில் போடுங்கள். களையெடுப்பும் முடியும், கடையில் கீரை வாங்கும் செலவும் மிச்சமாகும்.

இது முட்டைக்கோஸ், கடுகுக் குடும்பம். பெயரில்தான் கசப்பு, இளம் இலையில் வாட்டர்கிரெஸ் (நீரில் வளரும் சாலட் கீரை) போல இதமான காரம்தான். இலை நசுங்கும்போதுதான் அந்தக் காரம் உருவாகிறது, சமைத்தால் போய்விடும். அதனால் பச்சையாக, சாப்பிடும் நேரத்தில் கிள்ளிப் போடுவதே நல்லது. காய் முற்றும்வரை விட்டால் தொட்டதும் வெடித்து விதையைச் சுற்றிலும் தெளிக்கும். அப்புறம் தோட்டம் முழுக்க அதுதான்!

தரையோடு வட்டமாகப் படர்ந்த இலைகள், காம்பின் இருபுறமும் குட்டி வட்டச் சிற்றிலைகள், நுனியில் மட்டும் பெரிதாக ஒன்று. இதுதான் அடையாளம். சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம்.

களைக்கொல்லி அடித்த இடம், சாலையோரம், நாய்கள் நடமாடும் இடம், நர்சரியிலிருந்து புதிதாக வந்த தொட்டி, இவற்றில் முளைத்ததைச் சாப்பிடக் கூடாது. பூத்து முற்றியதும் வேண்டாம், சக்கைதான்.