மட்கார்டில் கல் தெறிக்கும் ஓசையைக் குறைக்கும் முறை

பர்மாவில், எங்கள் மொன் மாநிலத்தில் பல சாலைகள் இன்றும் ஆட்களின் கையாலேயே போடப்படுகின்றன. ஜல்லியைப் பரப்பி, காய்ச்சிய தாரை டின்னிலிருந்து ஊற்றி, அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி உருளை ஓட்டுவார்கள். அந்தப் பொடி ஜல்லி முழுவதும் தாரில் அமர்ந்து பிடிக்கும் வரை, அவ்வழியே செல்லும் மோட்டார் சைக்கிளின் மட்கார்டுக்குள் சோளம் பொரிவது போல ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், மோல்மேன், தட்டோன், பெகு பக்கம் அன்றாடம் வண்டியோட்டும் நம்மவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எதையும் ஒட்டுவதற்கு முன், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி மட்கார்டை விரல் முட்டியால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். "டங்" என்று ஒலித்து அதிர்வு நீண்டால் தகடு மணிபோல் அதிர்கிறது என்று பொருள். "கடகட" என்று கேட்டால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் அடியிலுள்ள ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கிறது. கல் ஓசை என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் புது ரப்பர் வாஷர் போட்டு இறுக்கியதுமே பாதி ஓசை அடங்கியவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்து, கல் எங்கே படுகிறது என்பதை அறிய வேண்டும். சக்கரம் முன்னோக்கி உருளும்போது டயர் தரையில் பற்றிய கல் சக்கரத்தின் பின்புறமாக மேலே எழுந்து, அங்கிருந்து விடுபட்டுத் தெறிக்கிறது. அதனால் மட்கார்டின் உட்புறத்தில் பின்பாதிதான் அடி வாங்கும். முன்பாதியில் ஓரிரண்டு கற்கள் மட்டுமே படும். மட்கார்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால், பெயின்ட் பொத்துப் புள்ளி புள்ளியாகத் துருவேறிய இடம் தானே தெரியும். மருந்து போட வேண்டிய இடம் அதுவே. முழு மட்கார்டையும் பூசிக் கனத்தைக் கூட்டத் தேவையில்லை. முன் மட்கார்டு பெரும்பாலும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், அங்கே கூடும் எடை குண்டு குழிகளில் சக்கரத்தின் துள்ளலைக் கூட்டும்.

ஓசையில் இரண்டு பகுதிகள் உண்டு: கல் மோதும் அடி ஒன்று, அதன்பின் தகடு அதிரும் ரீங்காரம் மற்றொன்று. ரீங்காரத்தை அடக்க, அலுமினியத் தாள் பதித்த பியூட்டைல் ரப்பர் தகடு நன்றாக உதவும். காருக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதிரும் பரப்பில் மூன்றில் ஒரு பங்கில் ஒட்டினாலே வேறுபாடு தெரியும். பின் மட்கார்டின் மேற்பகுதி சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வண்டிகளில் அதை வெளிப்புறத்திலேயே ஒட்டிவிடலாம். டயருக்கான இடைவெளியும் குறையாது, தகடு கழன்று சக்கரத்தில் விழும் அச்சமும் இல்லை. கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த் தகட்டை மட்டும் வாங்காதீர்கள். ஏப்ரல் வெயிலில் அது இளகி வழியும்.

மோதும் அடியை மென்மையாக்க, உட்புறத்தில் கார் அடிப்பாகத்துக்கு அடிக்கும் ரப்பர் கலந்த ஸ்பிரே பூச்சே சிறந்தது. ஒட்டியிருக்கும் தாரை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, சோப்பு நீரால் கழுவி, முழுவதும் உலர விடுங்கள். மண்ணெண்ணெய் டயரிலோ பிரேக்கிலோ ஒரு துளியும் படக் கூடாது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிக் காயவிட்டபின், பூச்சை ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிய இரண்டு மூன்று தடவைகளாக அடியுங்கள். மழை விடாமல் பெய்யும் ஆடி, ஆவணியில் இது சரியாகக் காயாது. நவம்பருக்குப் பின் செய்வதே நல்லது.

டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி, சாலையில் கிடக்கும் ஜல்லியின் அளவைவிடப் பெரிதாகவே இருக்க வேண்டும். குறைந்தால் கல் இடையில் சிக்கும். மழைக்காலத்தில் செம்மண் அடைத்துச் சக்கரமே நின்றுபோகும். வேலை முடிந்தபின் ஒன்றரை சென்டிமீட்டராவது மிஞ்சட்டும். பின் மட்கார்டு ஃபிரேமோடு இணைந்திருப்பதால், இருவர் ஏறி உட்கார்ந்து ஷாக் அப்சார்பர் அமுங்கிய நிலையில்தான் அங்கே அளக்க வேண்டும்.

பழைய டியூபை வெட்டி ஒட்டுவது நம்மவர்களிடையே பழகிய வழி. நானும் ஒருமுறை முன் மட்கார்டுக்குள் நீளமான ஒரே துண்டை ஒட்டியிருந்தேன். முடோனுக்குச் சற்று முன்னால் அதன் கீழ்முனை பெயர்ந்து டயரோடு சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால்தான் விழாமல் தப்பினேன். அன்றிலிருந்து முன் சக்கரத்துக்குப் பூச்சு மட்டுமே என்று வைத்துக்கொண்டேன். பின்சக்கரத்துக்கு டியூப் ஒட்ட விரும்பினால், ஒரு சாண் நீளத்துக்கு மேற்படாத சிறு துண்டுகளாக வெட்டி, இரு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பஞ்சர் சொல்யூஷனை இரண்டிலும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்கள். கல்லும் நீரும் கீழிருந்து மேலாகப் பாய்வதால், ஓடு வேய்வதற்கு நேர்மாறாக, கீழ்த்துண்டின் விளிம்பு மேல்துண்டை மூடியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழேயுள்ள முனையை மட்கார்டின் விளிம்போடு சிறு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பிளாஸ்டிக் மட்கார்டில் பல பசைகள் பிடிப்பதில்லை. ரீங்காரமும் அதில் குறைவு என்பதால் போல்ட்டைச் சரிசெய்வதோடு விட்டுவிடலாம்.

மட்கார்டைத் திரும்பப் பூட்டும்போது பிரேக் ஹோஸும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் தத்தம் கிளிப்பில் அமர்ந்துள்ளனவா, ஹேண்டிலை இருபுறமும் திருப்பினால் எங்கும் உரசாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, முன்பு தட்டிய அதே இடங்களில் மீண்டும் தட்டிப் பாருங்கள். "டங்" ஒலி "டொப்" என்று மாறியிருக்கும்.