வலப்பக்கத்துச் சொல்

36 வயதில் எனக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பதை மனநல மருத்துவர் உறுதிசெய்தார். அறிக்கை கைக்கு வந்த பிறகும் கூச்சம் போகவில்லை.

ஒரு குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டேன். இடப்பக்கம் நடந்தது மட்டும்: 'கட்டணம் கட்ட மறந்தேன்.' வலப்பக்கம், அதற்காக என்னை நானே ஏசிய சொல். இரண்டு வாரம் கழித்துப் படித்தால் வலப்பக்கம் முழுவதும் 'பொறுப்பில்லாதவள்'. அது என் சொல்லே அல்ல. நான்காம் வகுப்பில் ஓர் ஆசிரியர் சொன்னது. அன்று நெடுநேரம் அழுதேன்.

பிறகு வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அடங்காத, கவனம் நிலைக்காத குழந்தைகளிடம் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' இருப்பதாக விவரித்திருக்கிறார். மூளையின் இயல்புக்கு ஒழுக்கத்தின் பெயர்! என் வெட்கம் எனக்கு முன்பே பிறந்திருக்கிறது. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்தேன். 'கவனம் சிதறுகிறது' என்று ஆண்டுதோறும் எழுதியிருந்தார்கள்.

இப்போது வலப்பக்கத்தில் ஏச்சு இல்லை. எனக்குத் தேவையானதை எழுதுகிறேன்: அலாரம், கதவில் ஒட்டிய சீட்டு, அரைமணி நேர ஓய்வு. போன மாதம் அந்தக் குறிப்பேட்டை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.