அமெரிக்காவில் ட்ரோனைத் தூரமாக விடுவதற்கு முன்னால்: பதிவு, லேபிள், கண்ணுக்கெட்டும் தூரம்

ட்ரோன் வாங்கியதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு தூரம் போகும்?" பெட்டியில் பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது ரிமோட்டின் சிக்னல் எட்டும் தூரம், அதுவும் நடுவில் மரமோ கட்டடமோ இல்லாத வெட்டவெளியில். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவருக்கு அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பது கண்ணுக்கெட்டும் தூரம் மட்டும்தான். திரையில் படம் தெளிவாகத் தெரிகிறதே என்றால் அது கணக்கில் வராது. ட்ரோன் கேமராவின் படத்தைக் காட்டும் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, அதாவது எஃப்பிவி முறையில் ஓட்டினால், வெறுங்கண்ணால் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் உங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 செப்டம்பர் 21 அன்று மாலை மங்கும் நேரத்தில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்குக் கிழக்கே ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது டிஜேஐ நிறுவனத்தின் ஃபேன்டம் 4 ட்ரோன் ஒன்று மோதியது. ஓட்டியவர் நின்றிருந்தது இரண்டரை மைல் தள்ளி. அங்கிருந்து அவருக்கு ட்ரோனும் தெரியவில்லை, ஹெலிகாப்டரும் தெரியவில்லை, விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும்வரை மோதல் நடந்ததே தெரியாது. சுழலும் இறக்கையில் ஒன்றரை அங்குலத்துக்கு நசுங்கல் விழுந்தாலும் ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கிவிட்டது. அதில் சிக்கியிருந்த ட்ரோன் மோட்டாரின் சீரியல் எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, பதிவுக்கு வருவோம். எடை 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவிடம் கட்டாயம் பதிய வேண்டும். ட்ரோன்ஸோன் என்பது அவர்களுடைய சொந்தத் தளம், கட்டணம் 5 டாலர், மூன்று வருடத்துக்குச் செல்லும். தேடினால் அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் கேட்கும் தளங்களும் வரும், அங்கே போகாதீர்கள். பதிகிறவருக்கு 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், சின்னப் பிள்ளையின் ட்ரோன் என்றால் பெற்றோர் பெயரில் பதியலாம். பொழுதுபோக்குக்கு என்று பதிந்தால் உங்களிடம் இருக்கும் எல்லா ட்ரோனுக்கும் ஒரே எண் போதும்.

மினி வகை ட்ரோன் 249 கிராம்தானே, பதிவு வேண்டாமே என்பார்கள். உண்மைதான், ஆனால் தூரமாக விட ஆசைப்படுகிறவர்கள் அடுத்து வாங்குவது பெரிய பேட்டரி, அதைப் போட்டதும் எடை 250ஐத் தாண்டிவிடும், அப்போது பதிவும் வேண்டும், கீழே சொல்லப்போகும் ரிமோட் ஐடியும் வேண்டும். பறக்கப்போகும் அதே கோலத்தில், பேட்டரி, இறக்கைக் காப்பு, விளக்கு எல்லாவற்றோடும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

எண் கிடைத்ததும் அதை ட்ரோனின் வெளிப்புறத்தில் போட வேண்டும். முன்பு பேட்டரி மூடிக்குள் எழுதினாலும் ஏற்றுக்கொண்டார்கள். 2019 பிப்ரவரி 25 முதல் அது செல்லாது. எங்கோ விழுந்து கிடக்கும் ட்ரோனின் எண்ணைப் பார்க்க ஒரு போலீஸ்காரர் மூடியைத் திறக்கும்போது உள்ளே வெடிபொருள் இருந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம்தான் காரணம். எழுத்து இந்த அளவில் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, கண்ணால் பார்த்துப் படிக்க முடிந்தால் போதும். மார்க்கரால் எழுதலாம், லேபிள் மெஷினில் அடித்து ஒட்டலாம், செதுக்கவும் செய்யலாம். நான் சொல்வது லேபிள்தான். கருஞ்சாம்பல் உடம்பில் வெள்ளை லேபிளில் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள், மேலே ஒளி ஊடுருவும் டேப் ஒரு துண்டு போட்டால் மழைத்தூறலிலும் கையின் வியர்வையிலும் எழுத்து அழியாது. சென்சார், காற்றுத் துளை, பேட்டரிக் கொக்கி இவற்றை மறைக்கக் கூடாது. பேட்டரி மேலேயே ஒட்டுகிறவர்களும் உண்டு, அதை மாற்றிப் போட்டதும் ட்ரோன் எண்ணில்லாமல் நிற்கும்.

ரிமோட் ஐடி என்பது ட்ரோன் தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் தானே ஒலிபரப்பிக்கொண்டே பறப்பது. பதிவு தேவைப்படும் ட்ரோன் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். பதிவு எண் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு ட்ரோனின் ரிமோட் ஐடி சீரியல் எண்ணையும் ட்ரோன்ஸோன் கணக்கில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

அப்புறம் வானம். கட்டுப்பாடில்லாத வான்வெளியில் 400 அடிவரை போகலாம். விமான நிலையம் பக்கத்தில் என்றால் லான்ஸ் என்ற ஆன்லைன் அனுமதி முறை வழியாக முன்அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் ஃபோனிலேயே உடனே கிடைத்துவிடும். கூடாத இடத்துக்குப் போனால் ட்ரோனின் ஆப்பே தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், 2025 ஜனவரியில் டிஜேஐ அமெரிக்காவில் தடுப்பை எடுத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டத் தொடங்கியது. அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் பாலிசேட்ஸ் தீயின்போது, இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கண்ணிலிருந்து மறைந்த ஒரு ட்ரோன், தண்ணீர் அள்ளி ஊற்றித் தீயணைத்துக்கொண்டிருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. ஊர் எரியும் நேரத்தில் அந்த விமானம் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. தற்காலிகத் தடை போட்ட இடத்தில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கும் விலக்கு கிடையாது.

உங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தை நீங்களே அளக்கலாம். நூறு மீட்டர் அனுப்பி, திரையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிருங்கள். ட்ரோன் உடனே கண்ணில் பட வேண்டும், அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்லத் தெரிய வேண்டும். சரியாக வந்தால் இன்னும் ஐம்பது மீட்டர் கூட்டுங்கள். தடுமாறும் இடம்தான் அன்றைய எல்லை, மேகமூட்டமான நாளில் அது இன்னும் சுருங்கும். மேலே ஒரு சின்ன ஸ்ட்ரோப் விளக்கு ஒட்டினால் கொஞ்சம் நீளும்.

காற்றைப் பார்த்து அனுப்புங்கள். போகும்போது எதிர்க்காற்று இருப்பது நல்லது, திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். பின்காற்றில் ஜாலியாகப் போன ட்ரோன் திரும்பிவரப் பேட்டரியை இரண்டு மடங்கு தின்றுவிடலாம். கிளப்பும்போது ஹோம் பாயின்ட், அதாவது ட்ரோன் திரும்பிவர வேண்டிய இடம், பதிந்ததா என்று பாருங்கள், ட்ரோன் தானாகத் திரும்பிவரும் ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தைச் சுற்றியுள்ள உயரமான மரத்துக்கு மேலே, 400 அடிக்குக் கீழே வையுங்கள்.

எடை எதுவானாலும், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கான டிரஸ்ட் என்ற பாதுகாப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். ஆன்லைனில்தான், இலவசம். அந்தச் சான்றிதழையும் பதிவுச் சான்றிதழையும் ஃபோனில் வைத்திருங்கள், அதிகாரியோ போலீஸோ கேட்டால் காட்ட வேண்டும். டிரஸ்ட் சான்றிதழின் நகலைத் தேர்வு நடத்துகிறவர்கள் வைத்திருப்பதில்லை, தொலைத்துவிட்டால் திரும்பவும் எழுதித்தான் வாங்க வேண்டும்.