ஆற்றை நம்பிச் சைக்கிளை எடுக்காதீர்கள்: தென்மேற்குப் பிரான்ஸின் பள்ளத்தாக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லுவார் நதியோரம் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள்தான் லொத் பள்ளத்தாக்கில் அதிகம் திணறுகிறார்கள். லுவார் பாதை ஏறக்குறைய 900 கிலோமீட்டர் நீளம். பெரும்பாலும் சமதளம், வழியெங்கும் பலகைகள், ஊருக்கு ஊர் தங்குமிடம். அதே நினைப்பில் லொத், செலே, தோர்தோன், அவேரோன் ஆறுகளின் பக்கம் வந்தால் முதல் நாள் மாலையே முழங்கால் பேசத் தொடங்கிவிடும். இங்கே ஆறு மட்டும்தான் சமமாக ஓடுகிறது.

காரணம் பாறை. கஓர், ஃபிஷாக் நகரங்களைச் சுற்றியுள்ள கெர்சி வட்டாரம் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அந்த மேட்டை அங்கே ‘கோஸ்’ என்பார்கள். ஆறுகள் அதை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுவதால் இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். லொத்தின் நீர்மட்டம் கஓர் அருகே கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேலே கோஸ் 300 முதல் 400 மீட்டர் வரை நிற்கிறது. ஆக, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போக ஒவ்வொரு முறையும் சுமார் 200 மீட்டர் ஏறி, அதே அளவு இறங்க வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: நாள் திட்டத்தைக் கிலோமீட்டரில் போடுவது. வரைபடத்தில் செலே ஆறும் லொத் ஆறும் அக்கம்பக்கமாகத் தெரியும். ‘காலையில் இது, மதியம் அது, மாலையில் ரொக்கமதூர்’ என்று கோடு போட்டால் தூரம் 70 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் குறுக்கே மூன்று முறை மேடு தாண்டினால் 600, 700 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும், அதுவும் பின் கேரியரில் பதினைந்து கிலோ மூட்டையோடு. ஆற்றின் போக்கிலேயே போகும் நாளையும் குறுக்கே தாண்டும் நாளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். முதல் வகை நாளில் 60 கிலோமீட்டர் சுகமாகப் போகலாம். இரண்டாம் வகைக்கு 40 போதும், மீதி நேரத்துக்கு நிழல் இருக்கிறது.

ஆற்றோரச் சாலையையும் முழுக்க நம்ப முடியாது. பள்ளத்தாக்கு அகலமாக இருக்கும்வரை வயலோரமாகப் போகும். பாறை நெருக்கியதும் சாலை மேலே ஏறிவிடும், ஆறு கீழே தன் வழியில் போகும். சேன்-சிர்-லபோப்பி என்ற புகழ்பெற்ற கிராமம் லொத் ஆற்றுக்கு மேல் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஆற்றங்கரை கிராமம்’ என்று கேள்விப்பட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கடைசி ஏற்றம் நல்ல பாடம். போகிறவர்கள் காலை ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் அங்கே கார் நிறுத்த இடம் தேடும் கூட்டம்தான் காட்சி. பூசியேஸ் பக்கம் கரையிலிருந்து படகுகளைக் கயிறு கட்டி இழுக்கப் பாறையைக் குடைந்து வெட்டிய பழைய பாதை ஒன்று உண்டு. அழகான இடம், ஆனால் நடப்பவர்களுக்கானது. இருபக்கமும் பை தொங்கும் சைக்கிளோடு அங்கே நுழைவது யாருக்கும் நல்லதல்ல.

சாலை எண்ணைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. ‘டி’ என்று தொடங்கும் சாலைகள் மாவட்டச் சாலைகள், ஆகவே அமைதியானவை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். பாதி உண்மை. 2006-ல் பிரான்ஸ் அரசு தேசிய நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதியை மாவட்டங்களிடம் ஒப்படைத்தது. பழைய என்20 அப்படித்தான் இந்தப் பகுதியில் டி820 ஆனது. பெயர் மாறியதே தவிர லாரிகள் மாறவில்லை. அதே ‘டி’ வரிசையில்தான் செலே பள்ளத்தாக்கின் டி41-ம் வருகிறது. மார்சியாக், கப்ரரே என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு கோங்துஷேயில் லொத்தைத் தொடும் அந்தச் சாலையில் பருவம் தப்பிய நாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம். என்னைக் கேட்டால், முதல் முறை வருகிறவர்கள் தோர்தோனின் கோட்டைகளை விட்டுவிட்டு நேராக இந்தச் செலேவுக்கு வரவேண்டும்.

எண்ணை விட வரைபடத்தின் நிறம் உண்மை பேசும். மிஷ்லின் தாள் வரைபடத்தில் சிவப்பைத் தவிருங்கள், மஞ்சளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வெள்ளையைத் தேடுங்கள். சாலையின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும்: ஒன்று என்றால் 5 முதல் 9 விழுக்காட்டுச் சரிவு, இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு காட்டும் திசை ஏற்றம். இரண்டு அம்பை எதிர்கொள்ள வேண்டியிருந்தால் பக்கத்தில் ஒற்றை அம்பு வழி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பது, பிறகு ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு நடப்பதை மிச்சமாக்கும். கைப்பேசிச் செயலிகள் ‘குறுகிய வழி’ என்று கோஸின் மேலே கல் நிறைந்த வண்டிப்பாதைக்குள் தள்ளிவிடும். வழித்தேர்வில் தார்ச்சாலையை மட்டும் கேளுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் அடிக்கடி போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கோஸ் ஆளை ஏமாற்றும். மேலே பச்சையாகத்தான் இருக்கும், ஓடை ஒன்றுகூட இருக்காது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, குகைகளின் வழியே போய் ஆற்றோரத்தில்தான் ஊற்றாக வெளிவருகிறது. ஏற்றத்தைத் தொடங்குமுன் எல்லாப் பாட்டிலையும் நிரப்புங்கள். மேலே தீர்ந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். நம் ஊர் மனசுக்கு அது கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் பிரான்ஸில் சைக்கிள்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், அது குடிநீர் அல்ல.

சாப்பாட்டில் நடக்கும் தவறு கடிகாரத்தைச் சார்ந்தது. கிராமக் கடைகள் பன்னிரண்டரை வாக்கில் மூடினால் மூன்று, மூன்றரை வரை திறப்பதில்லை. உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்குத் தொடங்கும். ஒன்றரைக்கு மேல் போய் நின்றால் சமையலறை முடிந்தது என்பார்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் மோசம், பல ரொட்டிக் கடைகளுக்குத் திங்களில்தான் விடுமுறை. மே மாதத்தில் 1-ம் தேதி, 8-ம் தேதி, அசன்சியோன் (இயேசு விண்ணேற்ற) வியாழன் என்று விடுமுறைகள் அடுக்கடுக்காக வரும். அப்போது கடைகள் மூடியிருக்கும், தங்குமிடங்களோ நிரம்பி வழியும். நூறு பேர் வாழும் ஊரில் கடையே இராது, தேவாலயமும் ஒரு நீர்க்குழாயும் மட்டும் இருக்கலாம். காலையில் ரொட்டிக் கடை திறந்திருக்கும்போதே மதியத்துக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வது ஒன்றே வழி. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் நேரே கேள்வி கேட்பதும் ஒரு தவறுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மூடப்போகும் கடையில்கூட ஏதாவது கிடைக்கும்.

சைவக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இது வாத்து தேசம். ‘சலாட் கெர்சினுவாஸ்’ என்று பட்டியலில் பார்த்து, சாலட்தானே என்று வாங்கினால் இலைகளுக்கு நடுவே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். வால்நட்டும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் பையில் இருந்தால் பட்டினி இல்லை.

வண்டியில் பார்க்க வேண்டியது கியரும் பிரேக்கும்தான், மற்றதெல்லாம் பிறகு. பந்தய சைக்கிளின் கியரோடு மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார்கள். முன் பல்சக்கரத்தின் பற்களைவிடப் பின்னால் அதிகப் பற்கள் இருக்கும்படி ஒரு கியராவது வேண்டும். இறக்கத்தில் ஆபத்து வேறு விதம். கோஸிலிருந்து இறங்கும் சாலைகள் கொண்டை ஊசி வளைவுகளாகச் சுழன்று, ஆற்றோரச் சாலையில் திடீரென்று முட்டி நிற்கும். கோடையில் தார் மேல் பொடிக்கல் தூவி விட்டிருப்பார்கள். ‘கிராவியோன்’ என்ற பலகை கண்டால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சறுக்கும். பிரேக் கட்டை, இரண்டு டியூப், ஓரிரு ஆரக்கம்பி கையில் இருக்கட்டும். சைக்கிள் கடை கஓரிலும் ஃபிஷாக்கிலும் கிடைக்கும், நடுவில் எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டத்தில் சில விஷயங்கள் வெளியூர்க்காரருக்குத் தெரிவதில்லை. ஊருக்கு வெளியே இரவிலோ பார்வை மங்கிய நேரத்திலோ ஒளிரும் மேலங்கி கட்டாயம். ‘இரவில் ஓட்ட மாட்டேனே’ என்று விட்டுவிடாதீர்கள், செப்டம்பர் காலைகளில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிற்கும். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம், 2017 மார்ச் முதல். எல்லாவற்றையும் விட முக்கியம் வலதுபக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் வழி. உள்ளூர்க் கிழவர் டிராக்டரில் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார், சட்டம் அவர் பக்கம்.

பார்க்கும் இடங்களில் ஒன்றுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. கப்ரரேவுக்கு மேலே பெஷ் மெர்ல் குகையில் புள்ளியிட்ட குதிரைகளின் ஆதிகால ஓவியம் இருக்கிறது. ஓவியம் கெடாதிருக்க நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்பதிவில்லாமல் கோடையில் அந்த ஏற்றத்தை ஏறிப் போய்த் திரும்புகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

தங்குமிடத்தில், செலே பள்ளத்தாக்குக்கு ஓர் அதிர்ஷ்டம். ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையின் ஒரு கிளை அதன் வழியே போவதால் நடைப்பயணிகளுக்கான எளிய விடுதிகள் உண்டு. மேயிலும் செப்டம்பரிலும் அவர்கள்தான் முதலில் நிரப்புவார்கள், ஒருநாள் முன்னதாகப் போன் செய்துவிடுங்கள். நகராட்சிக் கூடார மைதானங்கள் பல கோடை மாதங்களில் மட்டுமே திறக்கும். ஏப்ரலில் கூடாரத்தை நம்பிப் போனால் பூட்டிய கேட்தான் வரவேற்கும்.

பாரிஸிலிருந்து ரயிலில் வருவதாக இருந்தால், அங்கே தமிழர் பகுதியான லா ஷப்பேல் பக்கத்து நம்மவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கஓர் வரும் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும், அந்த இடங்கள் கொஞ்சம்தான். வட்டார ரயில்களில் சுலபம், ஆனால் கால அட்டவணையில் பேருந்துச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் டிக்கெட்டில் பேருந்து வந்து நின்றால் சைக்கிளை ஏற்றுவார்கள் என்ற உறுதி இல்லை. வரைபடத்தில் லொத்தை ஒட்டி கஓரிலிருந்து கப்தனாக் வரை ஓடும் தண்டவாளக் கோட்டைப் பார்த்து, களைத்தால் அதில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்தத் தடத்தில் பயணிகள் ரயில் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.