ஒன்பது மேற்கோள், ஒரே மூலம்: கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படிக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை பிற்பகல்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு வகுப்பு ஒன்று நடத்துகிறோம். தபால்தலை, பழைய ரூபாய் நோட்டு, பறவை, செடிகொடி என்று ஆளுக்கொரு பித்து. எந்தப் பித்தாக இருந்தாலும் எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடம் விக்கிப்பீடியா. அதில் தப்பே இல்லை, நானும் அங்கேதான் தொடங்குவேன். ஆனால் கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை இந்தப் பிள்ளைகள் பார்க்கிற விதம் இருக்கிறதே, அந்த வயதில் நான் தடித்தடியான அச்சுக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்த அதே லட்சணம்தான்.

'யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அப்படியே நம்பாதே', 'வரிக்கு வரி காப்பி அடிக்காதே' போன்றவற்றைப் பள்ளியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேற்கோள்களை எண்ணிப் பார்த்து நம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் தீவில் தபால்தலை சேர்க்கிற எந்தப் பிள்ளையும் 'போஸ்ட் ஆபீஸ்' தலைகளைத் தொடாமல் இருக்காது. 1847 செப்டம்பரில் வெளிவந்தவை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பென்னி, நீல நிறத்தில் இரண்டு பென்ஸ், வகைக்கு 500 தான் அச்சடித்தார்கள். செதுக்கியவர் ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட். தலையின் இடது ஓரத்தில் 'போஸ்ட் ஆபீஸ்' என்று இருக்கும். 1848 இல் வந்த அடுத்த வெளியீட்டில் அதே ஓரத்தில் 'போஸ்ட் பெய்ட்' (தபால் கட்டணம் செலுத்தப்பட்டது) என்று இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். பர்னார்ட் வயதான, பாதிக் கண் தெரியாத கடிகாரக்காரராம். என்ன எழுதச் சொன்னார்கள் என்பதை மறந்துவிட்டாராம். கேட்டுவரலாம் என்று கிளம்பியவர் வழியில் தபால் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாராம். அதையே செதுக்கிவிட்டாராம்.

கதை சுவையானது, பிடிக்காதவர் யார்? எங்கள் வகுப்பில் கிரேடு 10 படித்த பெண் ஒருத்திக்கும் பிடித்துவிட்டது. கோவில் மண்டபத்தில் நடந்த பிள்ளைகள் கண்காட்சிக்கு 'மறதியில் பிறந்த மாணிக்கம்' என்று தலைப்புப் போட்டு ஆறடி பேனர் அடித்துக்கொண்டு வந்தாள். பணம் அவள் அப்பாவுடையது. அச்சாகி வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. "எங்கேம்மா எடுத்தாய்?" என்று கேட்டேன். "ஒன்பது இடத்தில் இருக்கு சார், எல்லாமே ஒரே மாதிரி சொல்லுது" என்றாள், எங்கள் ஊர்க் கிரியோல் மொழியில்.

எல்லாம் ஒரே மாதிரி சொல்வதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம். பர்னார்ட் பலகையைப் பார்த்ததை ஒன்பது பேர் தனித்தனியாகக் கேள்விப்பட்டு எழுதியிருந்தால் ஒன்பது விதமாக இருந்திருக்கும். ஒருவர் கடிகாரக்காரர் என்பார், இன்னொருவர் நகைத் தொழிலாளி என்பார். இங்கே 'பாதிக் கண் தெரியாத' என்ற அடைமொழிகூட மாறவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர், குடம்தான் ஒன்பது.

கண்காட்சிக்கு வந்த முதியவர் ஒருவர், பழைய சேகரிப்பாளர், பேனர் முன்னால் நின்று முழுவதும் படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை முதலில் எழுதியது யார், எப்போது?" அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. மாலைக்குள் பேனரைச் சுருட்டிவிட்டோம்.

அடுத்த வாரம் அந்த ஒன்பது இணைப்புகளையும் அவளையே ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தேன். சுற்றுலாத் தளங்கள் எந்த மூலத்தையும் சொல்லவில்லை. ஒரு வலைப்பதிவு ஒரு பத்திரிகைச் செய்தியைச் சுட்டியது. அந்தச் செய்தியோ 'என்று சொல்லப்படுகிறது' என்று நழுவிக்கொண்டது. இரண்டு பக்கங்களில் இருந்தது கலைக்களஞ்சியக் கட்டுரையின் பழைய வடிவமே, எழுத்துப்பிழை உட்பட. அதாவது கட்டுரைக்கு அந்தப் பக்கம் சாட்சி, அந்தப் பக்கத்துக்குக் கட்டுரை சாட்சி! எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று அம்புக்குறி போடச் சொன்னேன். அம்புகள் எல்லாம் பின்னோக்கிப் போய் நின்ற ஆண்டு 1928. ஜார்ஜ் புருனெல் என்பவர் பிரெஞ்சில் எழுதிய தபால்தலை நூல் ஒன்று அந்த ஆண்டில் வந்தது. பெயர்ப்பலகை சமாச்சாரம் அதிலிருந்துதான் பரவியது, பிறகு வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மெருகேற்றிவிட்டார்கள்.

1847 இல் நடந்ததற்கு 1928 இல் முதல் சாட்சி, நடுவில் 81 ஆண்டுகள். இந்தக் கழித்தல் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் போடுவதில்லை. அப்புறம் பர்னார்ட் பிறந்தது 1816 இல். தலைகளைச் செதுக்கியபோது அவருக்கு முப்பதைச் சற்றே தாண்டிய வயது, கிழவரெல்லாம் இல்லை. அதே 1847 இல் அமெரிக்கா வெளியிட்ட முதல் தபால்தலைகளிலும் 'போஸ்ட் ஆபீஸ்' என்றுதான் இருக்கிறது. அங்கேயும் யாராவது பலகையைப் பார்த்து மயங்கினார்களா? அடோல்ஃப், துனியன்வில் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1974 இல் எழுதியது சப்பென்று இருக்கும், ஆனால் பொருந்துகிறது. தபால் துறைக்கு அப்போது சட்டப்படி இருந்த பெயரே 'போஸ்ட் ஆபீஸ்', செதுக்குபவர் அதையே போட்டிருப்பார் என்றார்கள். மொரிஷியஸில் அதற்கு முன்பே கடிதங்களில் குத்திவந்த முத்திரைகளிலும் அந்தச் சொற்கள் இருந்தன.

இப்படிச் சுற்றிச் சுற்றி வருவது நம் ஊர்க் கதைகளுக்கு மட்டும் நேர்வதல்ல. 2008 இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக, கோட்டி என்ற தென் அமெரிக்க விலங்குக்கு 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விக்கிப்பீடியாவில் இட்டுக்கட்டி எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் பத்திரிகைகளில் ஏறியது, பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் ஏறியது. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே கட்டுரைக்கு மேற்கோளாக வந்து உட்கார்ந்தது. இதைப் பிடிக்க, எந்தத் திருத்தம் எப்போது நடந்தது என்று காட்டும் 'வரலாறு' பக்கம் போதும், கட்டுரையின் மேலேயே இருக்கிறது. அந்த வாக்கியம் கட்டுரைக்குள் நுழைந்த தேதியைப் பாருங்கள், பிறகு மேற்கோளின் தேதியைப் பாருங்கள். மேற்கோள் பிந்தையதாக இருந்தால், அது கட்டுரையிலிருந்தே எடுத்ததா என்று கேட்க வேண்டும். பிந்தி வந்ததாலேயே பொய் என்றும் ஆகாது, சில நல்ல மேற்கோள்கள் தாமதமாகச் சேர்க்கப்பட்டவைதான். ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

நல்ல மூலம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது

இது கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்கிற தவறு. செடிகொடிப் பித்துப் பிடித்த பையன் ஒருவன் தாம்பலாகோக் மரத்தைப் பற்றி எழுதினான். டோடோ பறவையின் வயிற்றில் போய் வந்தால்தான் அந்த மரத்தின் விதை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்பது செய்தி. மேற்கோள் ஏதோ வலைப்பதிவு அல்ல. 1977 இல் ஸ்டான்லி டெம்பிள் 'சயன்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரை. மீந்திருப்பவை 13 மரங்கள்தான், எல்லாமே 300 ஆண்டுக்கு மேற்பட்டவை என்றார் அவர். வான்கோழிகளுக்கு விதைகளை ஊட்டிப் பார்த்து, சேதமில்லாமல் வெளிவந்த பத்தில் மூன்று முளைத்தன என்றும் எழுதினார்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பையன் மூட்டை கட்டிவிட்டான். ஆனால் டெம்பிளுக்குப் பின்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 300 ஆண்டுக்குக் குறைந்த மரங்களும் இருக்கின்றன, பறவை வயிற்றுக்குள் போகாமலே விதை முளைக்கும் என்று மறுத்திருக்கிறார்கள். வான்கோழிச் சோதனையிலும் ஓட்டை உண்டு. பறவைக்கு ஊட்டாத விதைகளைப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆய்விதழில் வந்தது என்பதால் ஒரு கட்டுரை கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது. அதற்குப் பிறகு யார் என்ன பதில் எழுதினார்கள் என்று தேட வேண்டும். சில சமயம் அந்தப் பதில் அதே கலைக்களஞ்சியக் கட்டுரையில் நான்கு பத்தி தள்ளி இருக்கும், பிள்ளைகள் அதுவரை இறங்குவதில்லை.

மேற்கோளைத் திறந்து, வேண்டிய வரியை மட்டும் பார்ப்பது

'முதலில் மொரிஷியஸ் படைக்கப்பட்டது, அதைப் பார்த்துச் சொர்க்கம் படைக்கப்பட்டது' என்று மார்க் ட்வைன் சொன்னாராம். ஹோட்டல் சுவரெல்லாம் இதுதான். அவருடைய பயண நூலில் அந்த வரி இருக்கிறது, ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவர் அப்படிச் சொல்வதாகத்தான் எழுதியிருக்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே இன்னொருவர் அதை மிகை என்கிறார். மேலே ஒரு பத்தி, கீழே ஒரு பத்தி படித்தால் போதும்.

படத்தைப் பார்க்காமல் எழுதுவது

நீலத் தலை 'ஒரு பென்னி' என்று வருஷா வருஷம் யாராவது எழுதுகிறார்கள். போர்ட் லூயியில் இருப்பது புளூ பென்னி அருங்காட்சியகம் அல்லவா, அந்தப் பெயர் செய்கிற வேலை. தலையில் 'இரண்டு பென்ஸ்' என்று அச்சாகவே இருக்கிறது.

செத்த இணைப்பைக் கண்டதும் கைகழுவுவது

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் கிடைத்துவிடும்.

கையிலிருக்கும் பொருளிடம் அளவுக்கு மீறிக் கேட்பது

நோட்டு சேர்க்கிற பையன் ஒருவனுடைய தாய்மாமாவிடம் 1998 நோட்டு ஒன்று இருந்தது. நம் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் வழக்கமாகத் தமிழுக்கு. அந்த ஆண்டு வெளியிட்டவற்றில் தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழ, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 1999 இல் பழைய வரிசையில் புது நோட்டுகள் வந்தன. நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

பையன் நோட்டைப் படமெடுத்து, "இதுவே ஆதாரம் சார், வேறு எதற்கு?" என்றான். எதற்கு ஆதாரம்? வரிசை மாறியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் யார் எதிர்த்தார்கள், ஏன் திரும்பப் பெற்றார்கள் என்று அந்த நோட்டு எங்கே சொல்கிறது? அதற்கு 1998 நவம்பர் மாதப் பத்திரிகைகளைத்தான் பார்க்க வேண்டும். தேசிய நூலகம் போர்ட் லூயியில்தான் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். தாய்மாமாவின் நினைவும் மதிப்புள்ளதுதான், ஆனால் அதைக் கலைக்களஞ்சியத்தில் மேற்கோளாகப் போட முடியாது. வகுப்புக் குறிப்பில் அவர் பெயரோடு தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

ஒரே மொழியில் படிப்பது

நமக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் வரும். இரண்டு கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும் பாருங்கள்.

தவறைக் கண்டதும் வரியை அழிப்பது

பேனர் போட்ட பெண்ணுக்கு இப்போது கதை பொய் என்று தெரிந்துவிட்டது, உடனே கட்டுரையில் அந்தப் பத்தியைத் தூக்கிவிடலாம் என்றாள். கோபம் நியாயம்தான். ஆனால் விளக்கம் இல்லாமல் அழித்தால் பத்து நிமிடத்தில் யாராவது மீட்டுவைப்பார்கள், அவர்கள் பார்வையில் அவள்தான் விஷமி. தவிர, இத்தனை காலம் இத்தனை பேர் நம்பிய கதை, அதற்கும் கட்டுரையில் இடம் வேண்டும், கதை என்ற பெயரோடு. அதனால் முதலில், கட்டுரையைப் பற்றித் திருத்துபவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொன்னேன். பிறகு வாக்கியத்தை மாற்றினோம்: 'செதுக்கியவரின் மறதியால் இச்சொற்கள் வந்தன என்ற கதை 1928 இல் வெளிவந்த புருனெலின் நூலிலிருந்து பரவியது; பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை.' இரண்டு பாதிக்கும் தனித்தனி மேற்கோள், பக்க எண்ணோடு. பக்க எண் கிடைக்கத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது.