சேலத்தில் உட்கார்ந்து லண்டனுக்கு வேலை: புதிதாக வருபவர்களுக்கு வரி விவரம்

சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று பல வருடம் இருந்துவிட்டு சேலத்துக்கு வருபவர்களில் இப்போது ஒரு புது ரகம் உண்டு. ஊரை மாற்றுகிறார்கள், வேலையை மாற்றுவதில்லை. ஃபேர்லாண்ட்ஸில் ஒரு மாடி வீடோ, ஏற்காட்டில் ஒரு வாடகை வீடோ பிடித்து, பழைய கிளையண்டுக்கே ஃப்ரீலான்ஸராக வேலை செய்கிறார்கள். நெட் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, மழையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏற முடியுமா என்று எல்லாம் விசாரிப்பார்கள். வரிப் பேச்சை எடுத்தால் மட்டும், "பணம் வெளியிலிருந்துதானே வருது, இங்கே என்ன வரி?" என்பார்கள்.

முதலில் அதை விட்டுவிடுங்கள். பணத்தை அனுப்புபவர் லண்டனில் இருக்கலாம், அது துபாய் வங்கிக் கணக்கில்கூட விழலாம். வேலையை ஏற்காட்டில் உட்கார்ந்து செய்தால் அது இந்தியாவில் சம்பாதித்த வருமானம். நீங்கள் என்.ஆர்.ஐ.யா இல்லையா என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கேள்வியும் முக்கியம்தான். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். அதற்குக் குறைவாக இருந்தாலும், அந்த ஆண்டில் 60 நாளும் முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால் வசிப்பவர்தான் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. விடுமுறைக்கு வந்து போகும் இந்திய வம்சாவளியினருக்கு அதில் சலுகை உண்டு. நீண்ட காலம் வெளியே இருந்து திரும்பியவர்களுக்கு நடுவில் ஒரு படி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் அல்ல என்ற நிலை அது. ஆடிட்டர்கள் அதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டு வாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லாதிருந்தாலோ அது கிடைக்கும். அந்தக் காலத்தில் லண்டன் வீட்டு வாடகைக்கும் சிங்கப்பூர் டெபாசிட் வட்டிக்கும் இங்கே வரி இல்லை. ஏற்காட்டு வராந்தாவில் எழுதிய சாஃப்ட்வேர் கோடுக்கு உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் வெளிநாட்டுக் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. வரி கட்டுவதை விட இதுதான் பயப்பட வேண்டிய இடம்.

இனி நல்ல செய்தி. தொழில்முறை வேலை செய்பவர்களுக்கு 44ஏடிஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் அது 58-ஆம் பிரிவுக்குள் போய்விட்டது, ஆனால் ஆடிட்டர்கள் வாயில் பழைய எண்தான். ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அந்த வரம்பு 75 லட்சம். பில் சேர்க்க வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 24 லட்சம் வந்தால் வருமானம் 12 லட்சம், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். 30 லட்சம் வந்தால் வருமானம் 15 லட்சம், வரி செஸ்ஸோடு 1,09,200 ரூபாய். பிரிட்டனில் கட்டியதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாத எண்ணாக இருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சலுகை எல்லாத் தொழிலுக்கும் இல்லை. வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக்கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்கார வடிவமைப்பாளர், தகவல் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. கன்டென்ட் எழுதுபவர், வீடியோ எடிட் செய்பவர், ஆன்லைனில் பாடம் எடுப்பவர் எல்லாம் எந்தப் பக்கம்? ஐந்து ரோட்டில் ஒரு ஆடிட்டரைக் கேட்டால் ஒரு பதில், அஸ்தம்பட்டியில் இன்னொருவரைக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்தக் காரணத்தை வைத்து எந்தப் பிரிவில் போடுகிறார் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் பிரிவை மாற்றிப் போடுவதுதான் நோட்டீசை வரவழைக்கும்.

இன்னொரு சந்தேகம், நீங்கள் நிஜமாகவே ஃப்ரீலான்ஸரா என்பது. பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கு ஐஆர்35 பழக்கமான தலைவலி. பெயருக்கு ஒப்பந்தக்காரர், நிஜத்தில் ஊழியர் என்று இருப்பவர்களிடம் ஊழியர்போலவே வரி வாங்கும் அந்நாட்டு விதி அது. இந்தியாவில் அந்தப் பெயரில் சட்டம் இல்லை, கேள்வி மட்டும் இருக்கிறது. ஒரே கிளையண்ட், காலை ஒன்பது மணி லாகின், வருடத்துக்கு இருபது நாள் லீவு, மூன்று மாத நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், இது சம்பளம் என்று துறை சொல்லலாம். சொன்னால் பாதி வருமானக் கணக்கு போய்விடும். மருத்துவமனைகளில் வேலை செய்யும் கன்சல்டன்ட் டாக்டர்கள் விஷயத்தில் இதே வாதம் பல நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் லீவு பற்றிய அந்த வாசகங்களை எடுக்கச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி.க்கு வருவோம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம் என்பதால் பதிவும் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். ஏற்றுமதி வரவும் அந்த 20 லட்சத்தில் சேரும். மாதம் 2,000 பவுண்டு வந்தாலே தாண்டிவிடும். பதிவு செய்தபின் எல்.யு.டி. என்ற உறுதிமொழியை ஆன்லைனில் கொடுத்தால் வரி கட்டாமல் பில் போடலாம். கொடுக்காவிட்டால் 18 சதவீதம் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டும். பதிவுக்கு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். சேலத்து வீட்டுக்காரர்கள் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். "கம்பெனி போர்டு மாட்டுவீங்களா? ஈ.பி.ல கமர்சியல் போட்டுருவாங்களே" என்று பயம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்குள் போன பிறகு கேட்டால் பெரும்பாலும் முடியாது என்றுதான் வரும்.

வங்கியில் முதல் தடவை பணம் வரும்போது கிளையிலிருந்து போன் வரும்: "சார், இது எதுக்கு வந்த பணம்?" பேசுபவர் உதவி செய்கிற நினைப்பில் "ஃபேமிலி மெயின்டெனன்ஸ்னு போட்டுரட்டுமா?" என்பார். வேண்டாம். அது பி1301 என்ற குறியீடு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பிய பணம் என்று பதிவாகிவிடும். சாஃப்ட்வேர் ஆலோசனை என்றால் பி0802. இன்வாய்ஸ், ஒப்பந்தம், வங்கி தரும் வரவுச் சான்று மூன்றிலும் பெயரும் தொகையும் ஒத்துப்போக வேண்டும். நாளைக்கு ஏற்றுமதிதான் என்று நிரூபிக்க இவைதான் இருக்கும். பவுண்டாகவே கொஞ்ச நாள் வைத்திருக்க ஆசைப்பட்டால் இ.இ.எஃப்.சி. கணக்கு கேளுங்கள், ஆனால் அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக மாற்றியாக வேண்டும்.

மாநகராட்சிக்கோ உள்ளாட்சிக்கோ அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி உண்டு. அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது, கட்டிவிடுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஒரு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கலாம் என்று புரோக்கர் வருவார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருப்பவர்கள் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. "பத்திரம் ஆகிடும் சார்" என்பார். ஆகலாம், வினை அதற்கப்புறம்தான்.

மறக்கக் கூடாத தேதிகள் இரண்டு. பாதி வருமானக் கணக்கில் போவோர் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15-க்குள் கட்ட வேண்டும். எல்.யு.டி. ஒரு நிதியாண்டுக்கு மட்டும் செல்லும் என்பதால் மார்ச் 31-க்குள் புதுப்பியுங்கள். ஆர்.என்.ஓ.ஆர். காலத்தில் இருப்பவர்கள் ரிட்டர்னுக்கு எளிய ஐ.டி.ஆர்.-4 படிவத்தைப் போட முடியாது, ஐ.டி.ஆர்.-3தான். ஆடிட்டர் கட்டணம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், இரண்டுக்கும் ரேட் வேறு.